இறுக்கினால் இளகும், தளர்த்தினால் நிற்கும்: குடல் தசை அப்படியா வேலை செய்கிறது?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 2

ஒரு மூலிகைச் சத்து குடல் தசையைச் சுருங்கச் செய்தால் அது மலச்சிக்கலுக்கு மருந்து. தளரச் செய்தால் வயிற்றுப்போக்குக்கும் வயிற்று வலிக்கும் மருந்து. ஆய்வுக்கூடத்தில் ஒரு துண்டுக் குடலை வைத்து அரை மணி நேரத்தில் சோதித்துவிடலாம். பிறகு ஏன் இதில் இவ்வளவு குழப்பம்? செடியின் பெயரை எழுதி, பக்கத்தில் "சுருக்கும்" அல்லது "தளர்த்தும்" என்று ஒரு சொல்லைப் போட்டுப் பட்டியல் தயாரித்தால் போதாதா?

பிப்ரவரி 2, இரவு

போதாது. அந்தப் பட்டியலில் அபினிச் செடியை எங்கே வைப்பீர்கள்? அதன் காயிலிருந்து வரும் மார்ஃபின் குடலின் வட்டத் தசையை இறுக்குகிறது. உங்கள் கணக்குப்படி மலம் இளக வேண்டும். நடப்பதோ கடுமையான மலச்சிக்கல்.

பிப்ரவரி 3, காலை

நேற்று பாதியில் விட்டுவிட்டேன். ஏன் அப்படி என்றும் சொல்ல வேண்டும்.

குடலில் உணவு நகர்வதற்குச் சுருக்கம் மட்டும் போதாது. 1899இல் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு ஆங்கிலேய உடலியலாளர்கள் நாயின் குடலில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். கவளத்துக்குப் பின்னால் தசை சுருங்க வேண்டும், அதே நேரத்தில் முன்னால் தளர வேண்டும். இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் கவளம் முன்னேறும். இந்த ஒழுங்கை நடத்துவது தசை அடுக்குகளுக்கு நடுவே விரிந்திருக்கும் நரம்புப் பின்னல். மூளையின் கட்டளைக்காக அது காத்திருப்பதில்லை.

தசையைச் சுருங்கச் சொல்லி நரம்பு அனுப்பும் வேதிப்பொருள் அசிட்டைல்கோலின். மார்ஃபின் இந்தப் பின்னலில் அது வெளியாவதைக் குறைக்கிறது. பின்னால் தள்ளும் கட்டளை பலவீனமாகிறது. முன்னால் வழிவிட வேண்டிய தசையும் தளர்வதில்லை. வட்டத் தசை இடத்துக்கு இடம் தானாகச் சுருங்கி நிற்கிறது. நீளமான துணிக்குழாயில் ஒரு சாண் இடைவெளியில் முடிச்சுப் போட்டதுபோல் நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முடிச்சும் இறுக்கமாகத்தான் இருக்கிறது, உள்ளே இருப்பது மட்டும் எங்கும் போகாது. நீண்ட நேரம் தேங்கி நிற்பதால் நீரும் உறிஞ்சப்பட்டு மலம் கெட்டியாகிறது.

இன்னொன்றும் உண்டு. அதே அபினியில் பாப்பாவெரின் என்ற ஆல்கலாய்டும் இருக்கிறது. 1848இல் ஜார்ஜ் மெர்க் பிரித்தெடுத்தது. அது மென்தசையை, அதாவது குடல் போன்ற உள்ளுறுப்புகளின் தசையை, தளர்த்துகிறது. ஒரே காய், ஒரே பால், எதிரெதிரான இரண்டு வேலைகள். செடியின் பெயருக்கு நேரே ஒற்றைச் சொல் எழுத முடியாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

பிப்ரவரி 3, இரவு

"அரை மணி நேரத்தில் சோதித்துவிடலாம்" என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்தச் சோதனையை இரண்டு ஆண்டுகள் கையால் செய்தவன் நான். அது என்ன என்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

ஆர்கன் பாத் என்பது இரட்டைச் சுவர் கொண்ட சிறிய கண்ணாடிக் குழாய். சுவர்களுக்கு இடையே வெந்நீர் ஓடும். உள்ளே டைரோடு கரைசல் என்ற உப்பு நீர், 37 டிகிரியில். அடியிலிருந்து ஆக்சிஜன் குமிழ்கள் மேலே வரும். கினிப்பன்றியின் பின்சிறுகுடலில் 2 சென்டிமீட்டர் துண்டு எடுத்து, உள்ளே இருப்பதை மெதுவாகக் கழுவி, இரு முனையிலும் ஊசியால் நூல் கோத்துக் கட்ட வேண்டும். ஒரு நூல் அடியில் உள்ள கொக்கிக்கு, மற்றது மேலே எழுதுகோலுக்கு. முடிச்சு குடலின் வாயை அடைத்துவிடக் கூடாது. அடைத்தால் துண்டு ஊதிக்கொள்ளும், பதிவு கெட்டுவிடும். அந்தக் காலத்தில் எங்களிடம் கைமோகிராஃப்தான். உருளையில் தாளைச் சுற்றி, புகையில் காட்டி, கரி படியவைப்போம். எழுதுகோலின் முனை கரியைச் சுரண்டி வெள்ளைக் கோடு போடும். விரல் பட்டால் போயிற்று, அரை நாள் வேலை வீண். முடிந்ததும் தாளை அரக்குக் கரைசலில் முக்கி உலர்த்துவோம்.

கட்டிய துண்டு உடனே ஒத்துழைக்காது. அரை மணி முதல் ஒரு மணி நேரம் அது நிலைகொள்ளவே வேண்டும். பிறகு ஒரு சொட்டு அசிட்டைல்கோலின். கோடு செங்குத்தாக ஏறும். கழுவினால் இறங்கும். அட்ரோபின் போட்டுவிட்டு மறுபடி அதே சொட்டை விட்டால் கோடு அசையாது. முதன்முதலில் அதைப் பார்த்தபோது நான் மூச்சுவிடவே மறந்து நின்றேன். பெல்லடோனாவிலும் ஊமத்தையிலும் உள்ள ஒரு பொருள் என் கண்ணெதிரே ஒரு கதவை மூடியிருந்தது.

முயலின் நடுச்சிறுகுடல் இன்னும் ஆச்சரியம். எதுவுமே சேர்க்க வேண்டாம். உடலைவிட்டு வெளியே வந்த பிறகும் தன் பாட்டில் சுருங்கிச் சுருங்கி விரியும். கஹால் இடைச்செல்கள் என்ற தனி வகைச் செல்கள் தாளம் போடுகின்றன. அந்தத் தாளம் தசையில் மெதுவான மின்னலையாக ஓடும், அதை மெல்லலை என்போம். மனித இரைப்பையில் நிமிடத்துக்கு 3 மெல்லலைகள், முன்சிறுகுடலில் 12. ஒவ்வொரு மெல்லலைக்கும் தசை ஒருமுறை சுருங்குகிறது.

பிப்ரவரி 4

கடைசி வரி தவறு. மெல்லலை வந்தாலே சுருக்கம் வந்துவிடாது. மெல்லலை தசைச் செல்லின் மின்னழுத்தத்தைச் சுருக்கத்துக்கான வாசற்படிவரை கொண்டுவருகிறது. அப்போது நரம்போ ஹார்மோனோ சற்றுத் தூண்டினால் படியைத் தாண்டும், கால்சியம் உள்ளே பாயும், தசை சுருங்கும். தூண்டல் இல்லையென்றால் அலை வெறுமனே வந்து போகும். எனவே பெரும்பாலான தாவரப் பொருட்கள் தாளத்தை மாற்றுவதில்லை. எத்தனை அலைகள் சுருக்கமாக மாறுகின்றன, எவ்வளவு வலுவாக மாறுகின்றன என்பதைத்தான் மாற்றுகின்றன.

பிப்ரவரி 5

கால்சியம் என்று சொன்னதும் ஒரு நாள் நினைவுக்கு வருகிறது. டைரோடு தயாரிக்கும்போது கால்சியம் குளோரைடைக் கடைசியில் சேர்க்க வேண்டும், முன்பே சேர்த்தால் வீழ்படிவாகக் கலங்கிவிடும். ஒருநாள் அந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டேன். முயல் குடலைத் தொங்கவிட்டேன். சில நிமிடங்களில் கோடு தட்டையானது. இறந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆசிரியர் வந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, குப்பியிலிருந்து அளந்து கால்சியம் சேர்த்தார். சிறிது நேரத்தில் மெல்ல ஒரு மேடு. பிறகு இன்னொன்று. பத்து நிமிடத்தில் பழைய தாளம்.

மென்தால் தசையைத் தளர்த்துவதும் ஏறத்தாழ இதே வழியில்தான். பெப்பர்மின்ட் எண்ணெயின் முதன்மைப் பொருளான மென்தால், தசைச் செல்லின் சுவரில் உள்ள எல் வகைக் கால்சியம் வாயில்களை அடைக்கிறது. கரைசலில் கால்சியம் இருக்கும், உள்ளே வர வழி இருக்காது.

பாப்பாவெரின் பிடிக்கும் இடம் வேறு. அது செல்லுக்குள் செய்தி கடத்தும் சுழல் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. சுழல் ஏஎம்பி பெருகினால் தசை தளரும். அட்ரோபின் பிடிப்பது எம்3 என்ற மஸ்கரினிக் ஏற்பியை, அதாவது தசைச் செல்லில் அசிட்டைல்கோலின் வந்து ஒட்டும் இடத்தை. கலபார் அவரையின் ஃபைசோஸ்டிக்மின் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து அதைத் தேங்கவைக்கிறது, தசை இறுகுகிறது. ஆமணக்கு எண்ணெயின் கதையில் எனக்குத் தனி விருப்பம். எத்தனையோ தலைமுறைகளாகப் பேதிக்குக் கொடுக்கப்பட்ட பொருள், குடலை எரிச்சலூட்டி வேலை செய்கிறது என்றே பாடநூல்கள் எழுதின. 2012இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள், அதிலிருந்து குடலில் பிரியும் ரிசினோலெயிக் அமிலம் இபி3 என்ற புரோஸ்டாகிளாண்டின் ஏற்பியைத் தூண்டுகிறது என்று எலிகளில் காட்டினார்கள். மென்தசைச் செல்களில் மட்டும் அந்த ஏற்பியை நீக்கிய எலிகளுக்குப் பேதி ஆகவில்லை. கருப்பைத் தசையிலும் அதே ஏற்பி உண்டு. கர்ப்பிணிகள் அந்த எண்ணெயைத் தாமாகக் குடிக்கக் கூடாது என்பதன் காரணம் அங்கே இருக்கிறது.

பிப்ரவரி 6

"எந்த வாயில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கரைசலில் பொட்டாசியத்தை மிகுதியாகச் சேர்த்தால் தசைச் செல்லின் மின்னழுத்தம் குலைந்து கால்சியம் வாயில்கள் திறந்துகொள்ளும், துண்டு இறுகி நிற்கும். அந்த இறுக்கத்தை ஒரு சாறு தளர்த்தினால் அது கால்சியம் வாயிலை அடைக்கிறது.

பிப்ரவரி 6, அரை மணி கழித்து

அடைக்கிறது என்று முடிவு கட்டியது என் தவறு. பாப்பாவெரினும் அந்த இறுக்கத்தைத் தளர்த்திவிடும். பொட்டாசியச் சோதனை ஒரு தடயம், தீர்ப்பு ஆகாது. கால்சியம் இல்லாத கரைசலில் துண்டை வைத்து, கால்சியத்தைப் படிப்படியாக ஏற்றி, சாறு இருக்கும்போதும் இல்லாதபோதும் வரும் வளைகோடுகளை ஒப்பிட வேண்டும். இதைச் செய்யாமலே "கால்சியம் தடுப்பான்" என்று முத்திரை குத்தும் கட்டுரைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பிப்ரவரி 7

அட்ரோபின் அவ்வளவு நன்றாகத் தளர்த்தினால் வயிற்றுப் பிடிப்புக்கு அதையே ஏன் கொடுப்பதில்லை? ஏனென்றால் அதே வகை ஏற்பிகள் கண்ணிலும், உமிழ்நீர்ச் சுரப்பியிலும், இதயத்திலும், மூளையிலும் இருக்கின்றன. வாய் வறளும், கண் கூசும், நெஞ்சு படபடக்கும், அளவு கூடினால் சித்தம் கலங்கும். ஊமத்தை விதை தின்றவர்களுக்கு நேர்வது இதுதான்.

வேதியியலாளர்கள் கண்டுபிடித்த வழி அழகானது. அட்ரோபினின் நெருங்கிய உறவான ஹயோசினை எடுத்து, அதன் நைட்ரஜனில் ஒரு பியூட்டைல் தொகுதியைச் சேர்த்தார்கள். மூலக்கூறுக்கு நிரந்தர மின்சுமை வந்துவிட்டது. மின்சுமையோடு மூளையின் தடுப்புச் சுவரைத் தாண்டுவது கடினம், குடலிலிருந்து இரத்தத்தில் கலப்பதும் மிகக் குறைவு. ஹயோசின் பியூட்டைல்புரோமைடு என்ற அந்த மருந்து இன்றும் உலகெங்கும் வயிற்றுப் பிடிப்புக்குத் தரப்படுகிறது. அதற்கான ஹயோசின் இன்றும் செடியிலிருந்துதான் வருகிறது. டுபோய்சியா என்ற மரவகையை ஆஸ்திரேலியாவில் இதற்காகவே பயிரிடுகிறார்கள்.

பிப்ரவரி 10

இனி என் வயிற்றைப் பற்றி. எனக்குப் பல ஆண்டுகளாக எரிச்சல் குடல் நோய்க்குறி உண்டு. தொப்புளுக்குக் கீழே ஒரு கை உள்ளே புகுந்து முறுக்குவதுபோல் வலிக்கும். மருத்துவர் பெப்பர்மின்ட் எண்ணெய் மாத்திரை எழுதிக்கொடுத்தார், உணவுக்கு முன் விழுங்கச் சொன்னார். இரண்டாம் நாள் தொண்டையில் சிக்கியதுபோல் இருந்ததால் கடித்துவிட்டேன். கால் மணி நேரத்தில் நெஞ்செரிச்சல். மார்பெலும்புக்குப் பின்னால் நெருப்புக் கோடு இழுத்ததுபோல், இரவு முழுவதும் உட்கார்ந்தே இருந்தேன்.

விளக்கம் எனக்கு முன்பே தெரியும், உடம்பில் அனுபவித்தது அன்றுதான். உணவுக்குழாயின் அடியில் ஒரு சுருக்குத்தசை, அமிலம் மேலே ஏறாமல் தடுக்கிறது. மென்தாலுக்கு நல்ல தசை, கெட்ட தசை என்ற வேறுபாடு தெரியாது. வழியில் எது எதிர்ப்பட்டாலும் தளர்த்தும். அதனால்தான் மாத்திரைக்கு அமிலத்தில் கரையாத உறை போடுகிறார்கள், உறை சிறுகுடலில் போய்க் கரைய வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் மருந்தை அதே நேரத்தில் எடுத்தாலும் உறை இரைப்பையிலேயே கரைந்துவிடக்கூடும்.

உறையோடு விழுங்கியபோது எனக்குக் குணம் தெரிந்தது. வாரத்தில் நான்கு நாள் வந்த வலி ஒரு நாளாகக் குறைந்தது.

பிப்ரவரி 11

நேற்று எழுதியதைக் கொஞ்சம் பின்வாங்க வேண்டும். எனக்குக் குறைந்தது உண்மை. அது மென்தசை தளர்ந்ததால்தான் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. மென்தால் குளிர்ச்சியை உணரும் டிஆர்பிஎம்8 என்ற ஏற்பியையும் தூண்டுகிறது, வலியைக் கடத்தும் நரம்புகளின் கூச்சத்தை அது தணிக்கக்கூடும். தவிர, இந்த நோயில் வெற்று மாத்திரைக்கும் பலருக்குக் குணம் தெரிவது வழக்கம். 2020இல் நெதர்லாந்தில் 190 நோயாளிகளிடம் 8 வாரம் நடந்த ஆய்வு எல்லோரும் படிக்க வேண்டியது. சிறுகுடலில் கரையும் மாத்திரை, பின்சிறுகுடல் தாண்டிப் பெருங்குடலருகே கரையும் மாத்திரை, வெற்று மாத்திரை என மூன்று குழுக்கள். முதன்மை அளவுகோலில் எண்ணெய் வெற்று மாத்திரையை வெல்லவில்லை. ஆனால் சிறுகுடலில் கரைந்த மாத்திரை வலியின் கடுமை போன்ற துணை அளவுகோல்களில் முன்னேற்றம் காட்டியது. பெருங்குடல்வரை கொண்டுபோய் விட்டால் பலன் கூடும் என்ற எதிர்பார்ப்பும் பொய்த்தது. அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரி 2021இல் வெளியிட்ட வழிகாட்டி பெப்பர்மின்டைப் பரிந்துரைக்கிறது, ஆனால் சான்றின் தரம் குறைவு என்று சொல்லியே பரிந்துரைக்கிறது.

நான் இன்னும் எடுத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 13

அளவு. இந்த இழையில் இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

நாங்கள் ஒரு செடியின் இலையைச் சாராயத்தில் ஊறவைத்துச் சாறு எடுத்தோம். குடல் அழகாகத் தளர்ந்தது. ஒரு வாரம் கொண்டாட்டம். பிறகு ஆசிரியர் கேட்டார், "வெறும் சாராயத்தை விட்டுப் பார்த்தீர்களா?" விட்டோம். கிட்டத்தட்ட அதே தளர்ச்சி. அன்று கிழித்த தாள்களின் கரி என் கையில் இரண்டு நாள் போகவில்லை. அதற்குப் பிறகு கரைப்பானைத் தனியாகச் சோதிக்காத எந்தப் பதிவையும் நான் நம்புவதில்லை.

இன்னொன்று, கண்ணாடிக் குழாயில் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் சாறு விட்டுப் பலன் பார்ப்பது சர்வசாதாரணம். மனித உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம். அதே செறிவு இரத்தத்தில் வர வேண்டுமென்றால் 5 கிராம் சாறு முழுவதும், சிதையாமல், ஒரே நேரத்தில் இரத்தத்தில் கலக்க வேண்டும். கல்லீரல் அதற்கு விடாது.

பிப்ரவரி 14

இரத்தக் கணக்கு பாதி நியாயம்தான். குடலுக்குப் போகும் பொருள் இரத்தம் வழியாகத்தான் தசையை அடைய வேண்டும் என்பதில்லை. விழுங்கியது குடலின் உட்பக்கத்தில் அதிகச் செறிவில் இருக்கும். ஆனால் உட்பக்கத்துக்கும் தசைக்கும் நடுவே சளிப்படலம் இருக்கிறது, பெரும்பகுதி அதைக் கடக்கும்போதே இரத்த ஓட்டத்தில் அடித்துச் செல்லப்படும் அல்லது உருமாறும். ஆர்கன் பாத்தில் தொங்கும் துண்டு வெளிப்பக்கமும் மருந்தில் நனைகிறது, அங்கே தசை வெகு அருகில். வயிற்றுக்குள் இருக்கும் குடலுக்கு அப்படி ஒரு குளியல் கிடைப்பதே இல்லை.

பிப்ரவரி 17

இஞ்சி குடலைச் சுருக்கும் என்று ஒருவரும், தளர்த்தும் என்று இன்னொருவரும் எழுதியிருக்கிறீர்கள். இருவரும் சரி. ஆய்வுக்கூடத்தில் இஞ்சிச் சாறு சில நிலைமைகளில் அசிட்டைல்கோலின்போல் தசையைச் சுருக்குகிறது, வேறு நிலைமைகளில் கால்சியம் தடுப்பான்போல் தளர்த்துகிறது. அட்ரோபின் போட்டு முதல் கதவை மூடினால் இரண்டாவது குணம் தெளிவாக வெளியே வரும். ஆரோக்கியமானவர்களில் 1.2 கிராம் இஞ்சித்தூள் இரைப்பை காலியாவதை விரைவுபடுத்தியதும் பதிவாகியிருக்கிறது.

இடத்துக்கு இடம் வேறுபடுவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் ஜெர்மனியின் ஒன்பது மூலிகைக் கலவை, எஸ்டிடபிள்யூ 5. இரைப்பையின் மேற்பகுதியை அது தளர்த்துகிறது, கீழ்ப்பகுதியின் சுருக்கத்தை வலுப்படுத்துகிறது. உணவைப் பிடித்துவைக்க மேலே இடம் வேண்டும், அரைத்துத் தள்ளக் கீழே வலு வேண்டும். ஒரே உறுப்பில், ஒரு கையளவு இடைவெளியில். அதிலுள்ள செலிடோனியம் என்ற மூலிகை கல்லீரலைப் பாதித்த நிகழ்வுகள் பதிவானதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அது இல்லாத ஆறு மூலிகைக் கலவையும் இருக்கிறது.

பிப்ரவரி 18

நிலாவரை. இதைக் கண்ணாடிக் குழாயில் சோதித்தால் உங்கள் பட்டியலில் "பலன் இல்லை" என்று எழுதிவிடுவீர்கள். அதன் சென்னோசைடுகள் சிறுகுடலில் அப்படியே கடந்துபோகின்றன. பெருங்குடலில் உள்ள நுண்ணுயிரிகள்தான் அவற்றை உடைத்து ரெயின் ஆந்த்ரோனாக மாற்றுகின்றன. அதுதான் அலையியக்கத்தைத் தூண்டுகிறது, நீர் உறிஞ்சப்படுவதையும் தடுக்கிறது. இரவில் விழுங்கினால் காலையில் பலன் தெரிவதும், 6 முதல் 12 மணி நேரம் ஆவதும் இந்தப் பயணத்தால்தான்.

பிப்ரவரி 21

சற்று விலகிப் போகிறேன். கினிப்பன்றியின் குடல் துண்டு மூலிகைச் சோதனைக்கு மட்டும் பயன்படவில்லை. மார்ஃபின் அந்தத் துண்டின் துடிப்பை அடக்குவதை வைத்தே, உடலுக்குள்ளும் மார்ஃபின் போன்ற பொருள் உண்டா என்று ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹ்யூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் தேடினார்கள். பன்றியின் மூளையிலிருந்து எடுத்த சாறு குடல் துண்டை மார்ஃபின்போலவே அடக்கியது. 1975இல் அந்தப் பொருள், என்கெஃபலின், உலகுக்குத் தெரியவந்தது. மூளையின் ஒரு இரகசியத்தைக் குடல் காட்டிக்கொடுத்திருக்கிறது. புகைக்கரி படிந்த தாளோடு மல்லாடிய எவருக்கும் இந்தக் கதை நெஞ்சில் நிற்கும்.

மார்ச் 4

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் தொடங்கியிருக்கிறார்கள், கூடவே நிலாவரை மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள், மலச்சிக்கல் வருமுன்பே எதற்கு என்று.

என் தந்தைக்கும் அப்படித்தான் மார்ஃபின் தொடங்கினார்கள். ஆனால் நிலாவரை எழுத மறந்துவிட்டார்கள். நானும் கேட்கவில்லை. முடிச்சுப் போட்ட துணிக்குழாயைப் பற்றிப் பாடம் நடத்தத் தெரிந்த நான் கேட்கவில்லை. ஆறு நாள் அவருக்கு மலம் போகவில்லை. வலி அடங்கியிருந்தது, வயிறு கல்லாக இருந்தது, சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். மார்ஃபினின் மற்ற பல தொல்லைகள் நாளடைவில் பழகிப்போகும். குடல் மட்டும் பெரும்பாலும் பழகிக்கொள்வதில்லை. அதனால்தான் முதல் நாளிலிருந்தே இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். நிறுத்திவிடாதீர்கள். வயிறு உப்பி, வாந்தியும் வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் மட்டும் பேதி மருந்து எதையும் கொடுக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள், அது குடல் அடைப்பாக இருக்கலாம்.

நிலாவரை போதாதபோது மெத்தில்நால்ட்ரெக்சோன் என்ற ஊசியும் உண்டு. பிப்ரவரி 7இல் எழுதிய அதே உத்தி, நைட்ரஜனில் நிரந்தர மின்சுமை. மூளைக்குள் எளிதில் நுழையாததால் வலி நிவாரணம் அப்படியே இருக்கும், குடலில் மட்டும் மார்ஃபினின் பிடி விடும்.

என் தந்தைக்கு ஊசி தேவைப்படவில்லை. ஒரு செவிலியர் கவனித்து மருத்துவரிடம் சொன்னார், அடைப்பு இல்லை என்று பார்த்துவிட்டு நிலாவரையும் மலத்தை இளக்கும் மருந்தும் தொடங்கினார்கள். இரண்டாம் நாள் விடியற்காலையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு அவரே குளியலறைவரை நடந்தார். திரும்பி வந்து படுத்ததும், இன்று என்ன சாப்பாடு என்று கேட்டார்.